பின்பக்கத்து அறை

அன்புள்ள உனக்கு,

பெயர் போடவில்லை. இதைப் பலரும் படிப்பார்கள், உன் வீட்டிலும் யாராவது படிக்கக்கூடும். உன் கல்யாணத்துக்கு நாளையோடு ஐந்து வருஷம். அன்று நடந்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை, உனக்கே தெரியும். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

“கடைசியில் நீயும் சார்லட் ஆகிவிட்டாய்.”

பக்கத்தில் நின்றவர்களுக்கு அது யாரோ ஒருத்தியின் பெயர். நமக்கு அப்படி இல்லை. உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

போன மாதம், சார்லட் வரும் அந்த நாவலை, ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலை, மறுபடி எடுத்தேன். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு இதுதான் முதல் முறை. பணம் வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனேன். பாதிப் புத்தகத்தில் கோடு விழுந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நம் இருவருக்கும் மனப்பாடமாக இருந்த ஒரே தொகை, கதாநாயகன் டார்சியின் வருஷ வருமானம் 10,000 பவுண்டு. நாயகி எலிசபெத்துக்கு என்ன இருந்தது என்று நாம் கேட்டதே இல்லை. 19-ஆம் அத்தியாயத்தில், அவளுடைய அப்பா பென்னட்டின் நிலத்துக்கு அடுத்த வாரிசான பாதிரியார் காலின்ஸ் அவளைப் பெண் கேட்கும்போது அவரே அதைச் சொல்லிக் காட்டுகிறார்: 4 சதவீத வட்டிப் பத்திரத்தில் 1,000 பவுண்டு, அதுவும் அம்மாவின் காலத்துக்குப் பிறகு. அதாவது வருஷத்துக்கு 40 பவுண்டு. அந்த அத்தியாயத்தை நாம் அவருடைய அசட்டுத்தனத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் படித்தோம். சிரிப்பில் கணக்கு காதில் விழவில்லை. 40 பவுண்டு எவ்வளவு என்று அளந்து பார்க்க நாவலுக்குள்ளேயே இடம் இருக்கிறது. 50-ஆம் அத்தியாயத்தில், கடைசி மகள் லிடியாவுக்கு வருஷம் 100 பவுண்டு கொடுப்பதால் தனக்குப் 10 பவுண்டுகூடக் கூடுதல் செலவில்லை என்று பென்னட் கணக்குப் போடுகிறார். சாப்பாடு, கைச்செலவு, அம்மா அவ்வப்போது கொடுக்கும் பணம் என்று அந்த ஒரு பெண்ணுக்கே ஏற்கனவே 90-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எலிசபெத்துக்கு வரவிருந்தது அதில் பாதிகூட இல்லை.

பென்னட்டை நமக்கு எவ்வளவு பிடிக்கும். அவருக்கு வருஷ வருமானம் 2,000 பவுண்டு, சேமிப்பு எதுவும் இல்லை. மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் ஆண் வாரிசுக்கே நிலம் என்ற கட்டுப்பாட்டை உடைத்துவிடலாம் என்று நம்பி இருந்தார். பிறந்த ஐந்தும் பெண்கள். சேமிக்க வேண்டும் என்று தோன்றியபோது காலம் கடந்திருந்தது. இந்த முறை அவருடைய பேச்சை ரசிக்க முடியவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பழகியவர்களால் அந்தப் பக்கத்தைச் சும்மா தாண்ட முடியாது.

இனி 22-ஆம் அத்தியாயம். எலிசபெத் மறுத்து மூன்று நாளுக்குள் காலின்ஸ் அவளுடைய தோழி சார்லட்டைக் கேட்கிறார், அவள் சம்மதிக்கிறாள். நாம் அதைத் துரோகம் என்று படித்தோம். அவளுக்கு வயது 27, அழகி என்று யாரும் சொன்னதில்லை, அப்பாவால் பெரிதாக எதுவும் கொடுக்க முடியாது. இவள் கல்யாணம் முடிந்தால் தங்கைகள் ஓரிரு வருஷம் முன்னதாகவே விருந்துகளுக்குப் போகலாம். தம்பிகளுக்கு, அக்காவைக் கடைசிவரை வைத்துப் பார்க்க வேண்டுமோ என்ற பயம் விலகும். ஆஸ்டின் இதையெல்லாம் ஒரே பத்தியில் வைத்திருக்கிறார். படித்த, வசதியில்லாத பெண்ணுக்குக் கௌரவமான பிழைப்பு கல்யாணம் ஒன்றுதான் என்பதும் அங்கேதான் வருகிறது. இந்த நாவலில் படித்த பெண்ணுக்கென்று கண்ணில் படும் வேலை, பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது. அதற்கும் காலின்ஸின் புரவலர் லேடி கேதரின் மாதிரி ஒருவருடைய சிபாரிசு வேண்டும்.

எழுதியவரின் கதையும் இதையொட்டித்தான் ஓடுகிறது. 1802 டிசம்பர் 2 மாலை ஹாரிஸ் பிக்-விதர் கேட்டபோது ஜேன் ஆஸ்டின் சம்மதித்தார். மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். 27 வயதாக இரண்டு வாரம் இருந்தது. அவருடைய நாவல் எதுவும் அப்போது அச்சாகவில்லை. பிறகு இந்த நாவலின் உரிமைக்கு 150 பவுண்டு எதிர்பார்த்து 110-க்கு விற்றார். மறுத்துவிட்டு வாழ்ந்த ஒருத்தி, சம்மதித்த ஒருத்தியை எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

புரியவில்லை என்பதைச் சாக்காகச் சொல்கிறேனோ? சாக்கும்தான். எலிசபெத்துக்கு அப்போது இருபது வயது, எனக்கும் கிட்டத்தட்ட அதுதான். சார்லட் சொன்னதும் “முடியவே முடியாது” என்று கத்தியவள் அவள். வாடகை கட்டாதவளுக்கு அடுத்தவளின் கூரை கண்ணில் படாது.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சார்லட் மறைக்கவில்லை. வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று காலின்ஸிடம் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அவளே நடந்து வந்து எலிசபெத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். திட்டு விழும் என்று தெரிந்தே சொன்னாள். உன் கல்யாணமோ எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு விஷயத்தில் நீ சார்லட் அளவுக்குக்கூட வரவில்லை. ஏன் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது என்று பிறகு அறிந்தேன், அதை இங்கே எழுத மாட்டேன். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி.

சரி. நான் உண்மையில் எழுத வந்தது 30-ஆம் அத்தியாயத்தைப் பற்றி. நாம் இருவருமே கவனிக்காத பத்தி அது. எலிசபெத் விருந்தாளியாகப் போய்த் தங்கும் ஹன்ஸ்ஃபர்டில், சார்லட்டும் காலின்ஸும் வாழும் வீட்டில், பெண்கள் உட்காரும் அறை பின்பக்கம் இருக்கிறது. சாப்பாட்டு அறை அதைவிடப் பெரியது, பார்வையும் நன்றாக இருக்கும். அங்கே உட்காராமல் சார்லட் இதை ஏன் எடுத்தாள் என்று எலிசபெத் முதலில் குழம்புகிறாள், சீக்கிரமே புரிந்துகொள்கிறாள். காலின்ஸின் படிப்பறை சாலையைப் பார்த்து இருக்கிறது. இவர்களுடைய அறையும் அதே அளவு கலகலப்பாக இருந்தால் அவர் தன் அறையில் தங்க மாட்டார். அதற்கு முன்பே, 28-இல், தோட்ட வேலை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று சார்லட் முகம் மாறாமல் சொல்கிறாள், அவரைத் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். கணவர் கூட வராமல் வீட்டைச் சுற்றிக் காட்டக் கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சலிப்பான அறையைத் தானே தேர்ந்தெடுத்து, அதனால் நாளில் சில மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவள். நானும் இப்போது நாள் முழுக்க ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யார் தலை எந்தப் பக்கம் திரும்பும், எந்த நாற்காலியில் இருந்தால் குறைவாகக் கூப்பிடுவார்கள் என்று பார்த்துத்தான் உட்கார்கிறேன். அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன்.

அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று ஆஸ்டின் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 38-இல் எலிசபெத் விடைபெறும்போது, வீடும் கோழிகளும் சார்லட்டுக்கு ‘இன்னும்’ சலிக்கவில்லை என்று வருகிறது. அந்த ‘இன்னும்’ என்னைத் தூங்க விடவில்லை. உனக்கு எப்படி என்று இங்கே கேட்க மாட்டேன்.

நீ திரும்பப் படிப்பதாக இருந்தால் இதைக் கவனி. மொத்தம் 61 அத்தியாயம், பெரும்பாலும் சின்னவை. நாளுக்கு இரண்டு என்றால் ஒரு மாதம். 34, 35, 43 என்று பிடித்த இடங்களுக்குத் தாவிப் போகாதே, அப்படிப் போனால் பணமும் சார்லட்டும் பின்னால் தங்கிவிடுவார்கள். இரவு கண் சொருகும் நேரத்தில் படித்தால் வசனம் மட்டும்தான் மனசில் நிற்கும், கதை சொல்பவளின் வரிகள் நழுவிவிடும். பின்னறை அந்த வரிகளில்தான் இருக்கிறது. சுருக்கப் பதிப்பில் அந்த அறையே இல்லாமல் போகலாம், முழுப் பதிப்பையே எடு. 1813-இல் முதலில் வந்த மாதிரி மூன்று பாகமாகப் பிரித்த பதிப்பு என்றால் எண்கள் மாறும்: 30 என்பது இரண்டாம் பாகம் 7, 60 என்பது மூன்றாம் பாகம் 18. பழைய அடிக்கோடுகளை அழிக்காதே, வேறு நிறத்தில் புதிதாகப் போடு. 6-ஆம் அத்தியாயத்தையும் நிதானமாகப் படி. எலிசபெத்தின் அக்கா ஜேன் தன் அன்பை வெளியே காட்டாவிட்டால் அவள் விரும்பும் பிங்லி கைநழுவிப் போவான் என்று சார்லட் அங்கேயே எச்சரிக்கிறாள், எலிசபெத் சிரிக்கிறாள். 35-இல் டார்சியின் கடிதம் வரும்போது சார்லட் சொன்னது சரி என்று தெரிகிறது. புத்திசாலி யார் என்பதில் நாம் ஏமாந்திருக்கிறோம்.

சார்லட்டின் கல்யாணத்துக்குப் பிறகு அந்த இரு தோழிகளின் கடிதங்கள் பழையபடி ஒழுங்காக வந்து போயின, பழையபடி மனம் திறந்து எழுதத்தான் முடியவில்லை. நமக்கு அந்த ஒழுங்கும் போய்விட்டது. அதில் உன் பங்கு குறைவு. நீ எழுதினாய், நான் பதில் போடவில்லை. மன்னித்துவிடு.

60-இல், எலிசபெத்துக்கும் டார்சிக்கும் நடந்த நிச்சயத்தால் வந்த லேடி கேதரினின் கோபத்துக்கு ஒதுங்கி, சார்லட் தன் அப்பா வீட்டுக்கு வருகிறாள். தோழியின் நிச்சயத்தில் அவளுக்கு உண்மையான சந்தோஷம். அந்த நேரத்தில் அவள் வந்தது எலிசபெத்துக்கும் பெரிய ஆறுதல். இருவரும் என்ன பேசினார்கள் என்று ஆஸ்டின் எழுதவில்லை.

நீ கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது. மார்ச்சில் வருகிறேன், எலிசபெத் சார்லட் வீட்டுக்குப் போன அதே மாதம். நம்முடைய பழைய புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். 22-ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில் நான் மையால் எழுதியிருந்த வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் கீழே பென்சிலில், உன் கையால், ஒரு சின்னக் கேள்விக்குறி இருக்கிறது. இந்த முறைதான் பார்த்தேன். எதைக் கேட்டாய் என்று நேரில் சொல்.