திரையில் தெரியும் வெப்பநிலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலில் கணினியைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், புராசசரின் (கணினியின் மூளை போன்ற சிப்பின்) வெப்பநிலையை அவ்வப்போது திரையில் பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் ஓரிரு வரி சேர்த்திருக்கலாம் என்று, வியாசர்பாடியில் கணினி பழுதுபார்க்கும் எனக்குத் தோன்றியது.

சென்ற மாதம் ஒரு டியூஷன் சென்டரிலிருந்து லினக்ஸ் இயங்குதளம் போட்ட, இன்டெலின் கோர் 2 டியோ புராசசர் உள்ள பழைய மடிக்கணினி ஒன்று வந்தது. வேலை எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தபோது திரையில் 27 டிகிரி காட்டியது. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரோ 34 காட்டியது. ஃபேன் காற்றில் மட்டுமே ஆறுகிற ஒரு சிப், அறையைவிடக் குளிர்ந்து கிடக்க வழியே இல்லை.

இன்டெல் புராசசருக்குள் இருக்கும் சென்சார் வெப்பநிலையை நேராகச் சொல்வதில்லை. அந்தச் சிப்புக்கு வகுக்கப்பட்ட உச்ச வெப்பநிலையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உச்சத்திலிருந்து அந்தப் பாக்கியைக் கழித்து நமக்குக் காட்டுவது இயங்குதளத்தின் டிரைவர், அதாவது சென்சாரைப் படித்துச் சொல்லும் சிறு மென்பொருள்; லினக்ஸில் அதற்குக் கோர்டெம்ப் என்று பெயர். பிற்காலச் சிப்புகளில் உச்ச அளவும் சிப்புக்குள்ளேயே ஒரு ரிஜிஸ்டரில் (சிறு நினைவிடத்தில்) பதிந்திருக்கும். கோர் 2 காலத்துச் சிப்புகளில் அதைப் படித்தறிய வழியில்லாததால், மாடலைப் பார்த்து 85 என்றோ 100 என்றோ டிரைவரே ஊகித்துக்கொள்கிறது. வந்த மடிக்கணினியில் சென்சார் சொன்ன பாக்கி 58. உச்சம் 85 என்று வைத்ததால் 27 வந்தது. அந்த மாடலின் உச்சம் 100 என்பதைச் சரிபார்த்து, டிரைவரை ஏற்றும்போது அதைக் குறிப்பிட்டுக் கொடுத்ததும் 42 ஆயிற்று. (உச்சத்தை நெருங்கும்போதுதான் இந்தச் சென்சார் துல்லியமாக இருக்கும், ஆறியிருக்கும் நிலையில் சில டிகிரி முன்பின் போகும் என்பது தனி விஷயம்.) ஊகம் பிசகியிருந்தால், உள்ளே 95 கொதிக்கும்போதும் திரை 80 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சில புராசசர்களில் பிழை எதிர்ப்பக்கம் போகும். 2017-இல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை, எல்லா மாடல்களிலும் ஃபேன் ஒரே முறையில் சுழல வேண்டும் என்பதற்காக, உண்மை அளவைவிட 20 டிகிரி கூட்டியே சொல்லும்படி அமைக்கப்பட்டவை. அந்த 20-ஐக் கழித்துக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. தண்டையார்பேட்டை மாணவர் ஒருவரின் 1700எக்ஸ், பழைய பதிப்பு மென்பொருளில் சும்மா இருக்கும்போதே 62 காட்டியிருக்கிறது. ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) போதாது என்று 3,500 ரூபாய்க்குப் புதுக் கூலர் மாட்டி அனுப்பியிருக்கிறார். அப்போதும் 60. என்னிடம் வந்தபோது புதிய பதிப்பைப் போட்டேன், 40 காட்டியது. பழைய ஹீட்சிங்கை மாட்டிப் பார்த்தால் 42. கூலரைத் திருப்பி எடுக்க அந்தக் கடையில் மறுத்துவிட்டார்கள்.

இங்ஙனம்,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
வியாசர்பாடி, சென்னை-39.