அவசரத் தடுப்பூசி முகாம்களைத் திட்டமிடும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். முகாமுக்கு எத்தனை பேர் வேலைக்கு வேண்டும் என்பது பெரும்பாலும் ஒரு வகுத்தல் கணக்கில் முடிந்துவிடுகிறது. ஒரு ஊசிக்கு இத்தனை நிமிடம், ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஆக இத்தனை மேசை. தாளில் எல்லாம் சரியாக இருக்கும்; வாசலில் வரிசை நகராது.

மக்கள் நிமிடத்துக்கு ஒருவராக வருவதில்லையே. பேருந்து வந்து நின்றால் 40 பேர் ஒன்றாக இறங்குவார்கள். ஊசிக்கு முன் உடல்நிலையை விசாரிக்கும் மேசையில், ஒவ்வாமை எதுவும் இல்லாதவர் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். அடுத்தவர் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துப் பரப்பி, "இதெல்லாம் சாப்பிடுறேன், ஊசி போடலாமா?" என்பார். மருத்துவர் பார்க்காமல் அவரை அனுப்ப முடியாது. ஊசி போடும் மேசையைவிட இந்த விசாரணை மேசையில்தான் கூட்டம் தேங்கும். சராசரியில் இது தெரியாது.

வரிசை எப்படி நீளும் என்று கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில், ஒரு மேசைக்கு 80 சதவீத நேரம் வேலை இருந்தால் அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 95 சதவீதம் ஆனால் 19 பேர். யாரும் சும்மா உட்காரக் கூடாது என்று கறார் காட்டும் மேலதிகாரிகள் இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும். தொற்றுக் காலத்தில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டமே நோயைப் பரப்பும்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) 2004-இல் பெரியம்மைத் தடுப்பூசி முகாமுக்கு ஒத்திகை நடத்தியது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் அங்கே எடுத்த நேர அளவுகளை வைத்து முகாமைக் கணினியிலேயே நடத்திப் பார்க்கும் கம்ப்யூட்டர் சிமுலேஷன் மாதிரியை உருவாக்கினார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். சின்ன ஒத்திகை போதும். பதிவு, விசாரணை, ஊசி என ஒவ்வொரு இடத்திலும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அதிக நேரம் எடுத்தவர்களை விட்டுவிடாமல். அப்புறம் கணினியில் ஓட்டிப் பாருங்கள்: இரண்டு செவிலியர் வரவில்லை என்றால்? ஒரு பதிவாளரை விசாரணைக்கு மாற்றினால்?

சில விடைகளுக்குக் கணினிகூட வேண்டாம். மணிக்கு 200 பேருக்கு ஊசி, பிறகு 15 நிமிடம் கண்காணிப்பு என்றால் சராசரியாகவே 50 நாற்காலி நிரம்பியிருக்கும். கூட்டம் திரண்டு வரும் நேரத்தில் எத்தனை வேண்டும் என்பதற்குத்தான் சிமுலேஷன் தேவை.

கடைசியாக ஒன்று. மாதிரியைத் தலைமையகத்தில் பூட்டி வைக்காதீர்கள். முகாமை நடத்தப்போகும் பொறுப்பாளருக்கு அதை இயக்கக் கற்றுக்கொடுங்கள். மதியம் வரிசை நீளும்போது யாரை எங்கே மாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கப்போகும் ஒருவர்