தலைமைப் பொறுப்பேற்ற மகளுக்கு

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்பு மகளுக்கு,

மின்கலப் பிரிவு முழுவதற்கும் உன்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு நானும் அப்பாவும் பூரித்துப் போனோம். வேதியியலை மட்டுமே ஆழமாக அறிந்த நீ, இனி அதை ஒதுக்கிவிட்டு மின்னணுவியல், மென்பொருள், கொள்முதல் எல்லாவற்றையும் கற்க வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டாய். அது ஆற அமர யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

உன் துறையை ஒருபோதும் கைவிடாதே. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, உந்துகலனின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று உந்துகலன் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மன்றாடினார்கள். அவர்களுடைய துணைத் தலைவரும் பொறியாளர்தான். ஆனால் பொறியாளராக அல்லாமல் நிர்வாகியாக யோசிக்கும்படி மேலதிகாரி சொன்னதும் அவர் இசைந்துவிட்டார். மறுநாள் ஏழு பேர் மாண்டார்கள். தலைமைக்கு வந்ததற்காக உன் அறிவைக் கழற்றி வைக்கச் சொல்பவர் எவரானாலும் அவருக்கு இணங்காதே.

அதே நேரத்தில், தெரிந்த துறையிலேயே ஒண்டிக்கொள்ளும் ஆசையும் உனக்கு வரும். வேதியியல் கூட்டம் மூன்று மணி நேரம் நீளும், மென்பொருள் கூட்டம் இருபது நிமிடத்தில் முடியும். உனக்குக் கீழே இருப்பவர்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே பழைய ஆட்கள் இன்னும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தை 1963 முதல் 1981 வரை நடத்திய சதீஷ் தவானை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். லாகூரில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் என்று பரந்து படித்தவர், ஒரு பரப்பின் மீது காற்று உரசும் விசையை நேரடியாக அளக்கும் நுண்மையான ஆய்வில் தனக்கென ஓர் இடம் பிடித்தார். 1972 முதல் இஸ்ரோவுக்கும் அவரே தலைவர். அகலமும் ஆழமும் ஒருவரிடத்திலேயே குடியிருக்க முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவர் காலத்தில்தான், 1979 ஆகஸ்ட் 10 அன்று, முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஏவப்பட்டது. கடைசி நிமிடங்களில் கணினி ஏவுதலை நிறுத்தியது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருந்தாலும் எரிபொருள் இருப்பு போதும் என்று நிபுணர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியை மீறி ஏவச் சொன்னார், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இதைக் கலாமே பின்னாளில் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறார். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்வது நிபுணரின் வேலை. ஏன் கசிந்தது என்று தெரியாமல் புறப்படலாமா என்று கேட்பது தலைவரின் வேலை என்றே நான் கருதுகிறேன். அன்று பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட தவான், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது பேசும் வாய்ப்பைக் கலாமுக்கே கொடுத்தார்.

ஆகவே பிற துறைகளில் நீ நிபுணராக வேண்டியதில்லை. அவர்கள் தரும் எச்சரிக்கையின் கனம் உனக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். மின்கலத்தின் இரு மின்முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் காக்கும் பிரிப்புத் தாளை வேறொருவரிடம் வாங்கினால் எந்தெந்தச் சோதனைகளை மறுபடி செய்ய வேண்டும், வெப்பநிலை உணரி தவறாகக் காட்டினால் மென்பொருள் என்ன செய்யும் என்பவற்றை அந்தந்தத் துறையினர் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள். பீன்யா தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்த காலமெல்லாம் நான் மதித்த மேலாளர்கள் அப்படிக் கேட்டவர்களே.

மின்னணுவியலிலிருந்து தொடங்கு என்பது என் யோசனை. உன் வேதியியலை நாள்தோறும் உரசுவது அதுதான். வேதியியல் ஆய்வகத்தின் அன்றாட முடிவுகளை உனக்கு அடுத்த நிலையில் இருப்பவரிடம் இந்த மாதமே ஒப்படைத்துவிடு. அவர் யார் என்று முடிவு செய்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா