உன் ஒரு மார்க்

டேய் சரவணா,

எப்படிடா இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா? இங்க பெரியவ பன்னெண்டாவது, பயாலஜி குரூப், அதனால ராத்திரி பத்து மணிக்கு மேல நானும் அவகூட உக்காந்து திரும்ப ஸ்கூல் படிச்சிட்டிருக்கேன்.

போன வாரம் ஒரு கேள்வியோட வந்தா பாரு, கேட்டதும் உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. வௌவால் றெக்கையும் பறவை றெக்கையும் அமைப்பொத்த உறுப்பா (ஹோமோலோகஸ், அதாவது ஒரே மூதாதைகிட்டருந்து வந்தது), செயலொத்த உறுப்பா (அனலாகஸ், அதாவது தனித்தனியா உருவாகி ஒரே வேலையைச் செய்றது)? நீ ஹோமோலோகஸ்னு எழுதி ஒரு மார்க் போச்சு, நான் அனலாகஸ்னு எழுதி வாங்கிட்டு ஹாஸ்டல் மெஸ்ல ஒரு வாரம் உன்னை ஓட்டினேன்ல. இப்ப யோசிச்சா நீ எழுதினதும் சரிதான்டா.

எலும்பைப் பாரு, மேல்கைல ஒண்ணு, முன்கைல ரெண்டு, அப்புறம் மணிக்கட்டு, விரல்னு ரெண்டுலயும் அதே வரிசை, ஏன்னா 30 கோடி வருஷத்துக்கும் முன்னாடி ரெண்டுக்கும் பொதுவா இருந்த பல்லி மாதிரி ஒரு மூதாதைக்கு அந்தக் கை இருந்துச்சு. ஆனா அதுக்கு றெக்கை கிடையாது. பறவை விரலையெல்லாம் கொறச்சு ஒட்டவச்சு இறகை நட்டுக்கிச்சு, வௌவால் நாலு விரலை குடைக்கம்பி மாதிரி நீட்டி தோலைக் கட்டிக்கிச்சு. அப்ப கைன்னு பாத்தா அமைப்பொத்தது, றெக்கைன்னு பாத்தா செயலொத்தது. எதுவா பாக்கணும்னு சொல்லாம கேட்டதுதான் தப்பு. இன்னொரு கூத்து, ஹோமோலோகஸ், அனலாகஸ்ங்கிற இந்த ரெண்டு வார்த்தைக்கும் ரிச்சர்ட் ஓவன்ங்கிற இங்கிலாந்து விலங்கியல்காரர் 1843லயே வரையறை எழுதிட்டாரு, பரிணாமத்தைப் பத்தின டார்வின் புக் வர்றதுக்கு 16 வருஷம் முன்னாடி, ஓவன் எழுதின வரையறைல மூதாதைங்கிற பேச்சே இல்ல!

ஒரே மாதிரி இருந்தா சொந்தம்னு ஆயிடாது. நம்ம ஊர் அழுங்கையே எடுத்துக்கோ, அதான் உடம்பெல்லாம் செதில் இருக்கிற பாங்கோலின், அதையும் எறும்புத்தின்னிங்கிறோம், தென்னமெரிக்காக்காரனோடதையும் எறும்புத்தின்னிங்கிறோம். ரெண்டுக்கும் பல் இல்ல, நீள நாக்கு, புத்தைக் கிழிக்கிற நகம். பழைய விலங்கியல்காரங்களும் ஏமாந்து ரெண்டையும் பல்லில்லாத கூட்டம்னு ஒண்ணாப் போட்டுட்டாங்க. டிஎன்ஏ பாத்தப்புறம்தான் உறுதியாச்சு அழுங்குக்கு கிட்டத்து சொந்தம் பூனை, நாய் வகையறா, அந்த தென்னமெரிக்கா எறும்புத்தின்னி, மரத்துல தொங்குற ஸ்லாத், கவசம் போட்ட ஆர்மடில்லோ பக்கம். ஆர்மடில்லோவுக்கும் கவசம் இருக்கேன்னு பொண்ணு மடக்கினா. இருக்கு, ஆனா அதுக்கு உள்ள எலும்புத் தகடு, அழுங்குச் செதில் நம்ம நகம் மாதிரி வெறும் கெராட்டின். அதனால ஒரு உறுப்பை மட்டும் வச்சு சொந்தம் சொல்லக் கூடாது, மத்ததெல்லாம் வச்சு வம்சாவளி போட்டுட்டு, இது அந்தப் பொது மூதாதைகிட்டயே இருந்துச்சான்னு பாக்கணும்.

எல்லாம் கேட்டுட்டு, "அப்ப உன் தொப்பையும் தாத்தா தொப்பையும் ஹோமோலோகஸ், எதிர்வீட்டு அங்கிளோடது அனலாகஸ்"ங்கிறா. என்னத்த சொல்ல.

பரீட்சைல என்ன எழுதன்னு கேட்டா, புக்ல இருக்கிறதையே எழுதிடுன்னுட்டேன், உன்னை மாதிரி மார்க்கை விட்டுட்டு நிக்க வேணாம்னுதான். பொங்கலுக்கு வா, அந்த ஒரு மார்க்குக்கு பிரியாணி என் செலவு.

இப்படிக்கு,
உன்னை ஓட்டினவன்