சாப்பிட்டாரா என்று பார்க்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் "படிப்பு எப்படிம்மா போகுது" என்று கேட்டீர்கள், நான் "நல்லாப் போகுதுப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அது பாதி உண்மைதான். மீதியைப் போனில் சொன்னால் நடுவிலேயே நீங்கள் வாதாட ஆரம்பித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சமூகப்பணிப் படிப்பில் 200 நாள் பயிற்சி கட்டாயம். 30 நாள் திறன் வகுப்பு, மிச்சம் 170 நாள் வேலை நடக்கிற இடத்திலேயே, நிஜ மனிதர்களோடு. வகுப்பில் சொல்லித் தருவதும் பெரும்பாலும் சின்ன வயதிலிருந்து உங்கள் வாயால் நான் கேட்டதுதான். ஏழையாக இருப்பது குணக்கேடு இல்லை, சட்டம் எழுதுகிறவனுக்கும் பசிக்கும் தூரம் அதிகம், இப்படி. இந்த நாட்டில் மிக வறிய பகுதிகளில் வாழும் குழந்தைகள் வசதியான பகுதிக் குழந்தைகளைவிட 10 மடங்குக்கும் மேல் வீட்டை விட்டு அரசுப் பராமரிப்புக்குப் போகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதைச் சொல்லித் தராமல் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கவே முடியாது.

அப்புறம் என்ன குறை என்பீர்கள். ஒரு வகுப்பைச் சொல்கிறேன். அரசு உதவித்தொகையை முதல் இரண்டு குழந்தைகளோடு நிறுத்திய 2017ஆம் வருஷத்து விதியைப் பற்றிய செமினார். ஆசிரியர் ஆரம்பிக்கும்போதே "இதை நாம் எல்லோரும் எதிர்க்கிறோம், அதனால் நேராக விஷயத்துக்குப் போவோம்" என்றார். நானும் எதிர்க்கிறவள்தான். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு அக்கா இருக்கிறார், முதியோர் இல்லத்தில் 12 வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். அவர் கை தூக்கி, தான் பார்த்த சில குடும்பங்களில் பணம் மட்டும் வந்தால் எதுவும் மாறியிருக்காது, பெற்றவர்களுடைய பொறுப்பைப் பற்றியும் நாம் பேச வேண்டாமா என்று கேட்டார். வகுப்பு கப்சிப். ஆசிரியர் ரொம்ப மென்மையாக, "இந்த எண்ணம் உங்களுக்குள் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான். அந்த அக்கா சொன்னது சரியா தப்பா என்று யாரும் பேசவில்லை, அவருக்கு என்ன கோளாறு என்பதுதான் கேள்வியாகிவிட்டது. நானும் ஆசிரியர் பக்கம் தலையாட்டினேன் அப்பா. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அன்று பஸ் நிறுத்தத்தில் அந்த அக்கா, "எனக்கு இந்தப் பட்டம் வேண்டும், அவர்கள் கேட்கிறதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்றார். அதற்கப்புறம் வகுப்பில் அவர் வாயே திறப்பதில்லை.

இது புதுச் சண்டை இல்லை. 2013 நவம்பரில் அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் ஒரு உரையில், சமூகப்பணி மாணவர்களுக்கு எல்லோரையும் சமூக அநீதியின் பலியாட்களாகப் பார்க்கத்தான் சொல்லித் தருகிறார்கள், அதனால் அந்த மக்களுக்கென்று சொந்தமாக முடிவெடுக்கும் சக்தி இருப்பதையே மறுக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். அவர் கேட்டு, குழந்தைகளுக்கான ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தை முன்பு நடத்திய மார்ட்டின் நேரி 2014 பிப்ரவரியில் சமூகப்பணிப் படிப்பைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார். கோவ் கன்சர்வேடிவ் கட்சிக்காரர், உங்களுக்கு அவரைப் பிடிக்காது, எனக்கும்தான். ஆனால் நாங்கள் வகுப்பில் அந்த அறிக்கைக்கு வந்த மறுப்புகளை மட்டும்தான் படித்தோம், அறிக்கையைப் படிக்கவே இல்லை. நானாகத் தேடிப் படித்தேன். பல இடங்களில் ஒப்பவில்லை, சில இடங்களில் நெஞ்சில் தைத்தது.

ஷெஃபீல்டு பல்கலைக்கழக வழக்கும் அப்படித்தான். முதுகலை சமூகப்பணி மாணவர் ஒருவர் 2015இல் ஓரினச் சேர்க்கை பாவம் என்று பைபிளைக் காட்டி ஃபேஸ்புக்கில் எழுதினார். 2016இல் அவரைப் படிப்பிலிருந்து நீக்கினார்கள். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் யாரிடமாவது பாகுபாடு காட்டினார் என்பதற்கு ஆதாரம் இல்லை, விசாரித்த முறையே தவறு என்று தீர்ப்பளித்தது. அவர் எழுதியது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். ஆனாலும் வேலையில் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பது வேறு, மனசில் என்ன நம்புகிறார் என்பது வேறு. அந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, இதெல்லாம் எனக்கு உறைத்தது வகுப்பில் இல்லை, களப்பயிற்சியில். தனியாக இருக்கும் ஒரு பெரியவர், மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கவலைப்பட்டு கவுன்சிலுக்குச் சொல்லியிருந்தார். ஜன்னலில் இங்கிலாந்துக் கொடி தொங்கியது. கதவைத் திறந்ததும் "இன்னும் எத்தனை பேர்தான் வருவீர்கள்" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பிடிக்காதவர் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். முக்கால் மணி நேரம் மரியாதையாகப் பேசிவிட்டு வந்து, அவருடைய அரசியலைப் பற்றியும் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் ஒன்றரைப் பக்கம் குறிப்பு எழுதினேன். என்னை மேற்பார்க்கிற அம்மா அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஃப்ரிட்ஜில் என்ன இருந்தது?"

தெரியவில்லை அப்பா. நான் சமையலறைக்கே போகவில்லை. 2014ஆம் வருஷத்து கேர் (பராமரிப்பு) சட்டப்படி, பெரியவர்களின் தேவையைக் கணிக்கும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களில் முதலாவதே சாப்பாடு. மறுபடி போனபோது அந்த அம்மாவும் வந்தார். ஃப்ரிட்ஜில் பால் கட்டியாகியிருந்தது, ஒரு துண்டு வெண்ணெய், வேறு எதுவும் இல்லை. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. பெரியவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அவள்தான் எடுத்துக் கொடுப்பாள்" என்றார்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த கோட்பாட்டில் அவருக்கு இடம் இருந்தது, ஆனால் ஒடுக்குகிறவர்கள் பக்கத்தில். அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டால் அவருக்குப் பசிக்கும் என்பது தோன்றவே இல்லை.

நீங்கள் சங்கத்தில் புதுப் பையன்களிடம் சொல்வீர்களே, நிர்வாகத்தின் வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தால்தான் பேச்சுவார்த்தைக்கு வரலாம் என்று. எங்கள் வகுப்பில் அது நடப்பதில்லை. அடுத்த மாதம் பாடத்தைப் பற்றி மாணவர் கருத்துக் கேட்கும் கூட்டம் இருக்கிறது. நேரி அறிக்கையையும் படிக்க வையுங்கள், மறுத்துப் பேசினால் மதிப்பெண் குறையாது என்று எழுதியே கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அந்த அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை பெரியவர் வீட்டுக்கு மறுபடி போகிறேன். மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற ஆளுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, மாத்திரைக்கு இன்னும் ஆகவில்லை. ஞாயிறு கூப்பிடுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் மகள்