தத்மூரில் வாழ்ந்தவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிரியாவின் பழைய நகரமான பல்மைராவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ராணி ஸெனோபியா, ரோமப் பேரரசர் ஔரேலியன் 272-ல் நகரைப் பிடித்தது, 2015-ல் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பினர் கோயில்களை வெடிவைத்துத் தகர்த்தது, அவ்வளவோடு கட்டுரை முடிந்துவிட்டது. இடைப்பட்ட ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளும் அங்கே வெறும் தூண்கள்தான் நின்றன என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

பாலைவனத்தின் நடுவே அந்த ஊர் உண்டானதே எஃப்கா ஊற்றால்தான். குன்றின் அடிவாரக் குகையிலிருந்து கந்தக வாடையோடு வெதுவெதுப்பாக வந்த அந்த நீர்தான் பேரீச்சை, ஒலிவ, மாதுளைத் தோட்டங்களை வளர்த்தது. கி.பி. 137-ல் ஊர் மன்றம் ஒரு வரிப் பட்டியலைக் கிரேக்கத்திலும் உள்ளூர் அரமேய மொழியிலும் கல்லில் வெட்டி வைத்தது. வரி வசூலிப்பவர்களுக்கும் வணிகர்களுக்கும் அடிக்கடி தகராறு வந்ததால், யாரும் மாற்றிப் பேச முடியாதபடி எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். ஆட்டுத்தோல் பையில் வரும் வாசனைத் தைலத்துக்கு இவ்வளவு, அடிமைக்கு இவ்வளவு, ஊரின் இரண்டு ஊற்றுகளைப் பயன்படுத்த ஆண்டுக்கு 800 தினாரியம் (ரோம வெள்ளிக்காசு) என்று போகிறது அந்தப் பட்டியல். ஸெனோபியாவின் வீரத்தைவிட இந்தக் கல்தான் அந்த ஊரை எனக்கு நெருக்கமாகக் காட்டியது. இப்போது அது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கடலோடும் பல்மைரா வணிகர்களுக்குத் தொடர்பு இருந்தது. ஒட்டகத்திலும் ஆற்றிலுமாகப் பாரசீக வளைகுடா வரை போய், அங்கிருந்து கப்பலேறினார்கள். 157-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில், சிந்து நதி முகத்துவாரப் பக்கமிருந்து கப்பலில் திரும்பிய வணிகர்கள், தங்களுக்கு உதவிய மார்க்கஸ் உல்பியஸ் யர்ஹாய் என்பவருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். அரபிக் கடலிலுள்ள சொகோத்ரா தீவின் ஹோக் குகையில் அப்கர் என்ற பல்மைராக்காரர் 258-ல் விட்டுச்சென்ற மரப்பலகை கிடைத்திருக்கிறது. அதே குகையில் குஜராத்தின் பரூச்சிலிருந்து போன நம் மாலுமிகள் பிராமி எழுத்தில் கிறுக்கிய பெயர்களும் உள்ளன. இதற்கு உங்கள் கட்டுரையில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கி.பி. 32-ல் பேல் என்ற தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட கோயில் பிற்பாடு தேவாலயமானது, அப்புறம் மசூதியானது. அதன் பெரிய மதிலுக்குள் ஒரு கிராமமே இருந்தது. தூண்களையே சுவராக வைத்து வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில், 1929 முதல் தொல்லியல் பணிக்காக அவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துவிட்டுப் பக்கத்தில் தத்மூர் என்ற புது ஊரில் குடியேற்றினார்கள். நாம் படத்தில் பார்த்து வியக்கும் ஆளரவமற்ற பல்மைரா அப்படி உண்டாக்கப்பட்டதுதான். சிரியர்களுக்கோ தத்மூர் என்றாலே அங்கிருந்த சிறைதான் நினைவுக்கு வரும். 1980 ஜூன் 27 அன்று நூற்றுக்கணக்கான கைதிகளை அரசுப் படையினர் அங்கே கொன்று குவித்தார்கள். இதுவும் அந்த ஊரின் வரலாறுதானே?

காலித் அல்-அசாத்தின் பெயர்கூட உங்கள் கட்டுரையில் இல்லாதது மனதை உறுத்துகிறது. அந்த ஊரிலேயே பிறந்தவர். 1963 முதல் நாற்பது ஆண்டுகள் பல்மைராவின் தொல்பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்தார். பழைய அரமேயக் கல்வெட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர். மகளுக்கு ஸெனோபியா என்றே பெயர் வைத்தவர். ஐ.எஸ். வந்தபோது அருங்காட்சியகப் பொருட்களை வெளியேற்றப் பாடுபட்டார், தான் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. எண்பது வயதைத் தாண்டிய அந்த மனிதரை 2015 ஆகஸ்ட் 18 அன்று பொது இடத்தில் தலையைத் துண்டித்துக் கொன்றார்கள்.

அடுத்த ஆண்டே, தகர்க்கப்பட்ட வெற்றி வளைவின் பளிங்கு நகலை லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். பலரும் பாராட்டினார்கள். அதே நேரத்தில் தத்மூர்க்காரர்கள் பலர் ஜோர்டான் எல்லையில், ருக்பான் அகதி முகாமின் மணலில் கிடந்தார்கள். 2024 டிசம்பரில் அதிபர் பஷார் அல்-அசாத்தின் ஆட்சி விழுந்த பிறகுதான் பல குடும்பங்கள் இடிந்த வீடுகளுக்குத் திரும்பத் தொடங்கின. எஃப்கா ஊற்றோ, சுற்றிலும் கிணறுகள் பெருகியபின் 1990-களிலேயே வற்றிவிட்டது. கோயிலை மறுபடி எழுப்ப வேண்டும் என்று உங்கள் கட்டுரை கேட்கிறது. எழுப்பட்டும். ஆனால் முதல் பணம் அந்த ஜனங்களின் வீட்டுக்கும் தண்ணீருக்கும் போக வேண்டும், அப்புறம்தான் தூண்கள். ஒருமுறை கற்களுக்காக அவர்களை வெளியேற்றியது போதும்.

திரும்பி வந்தவர்களைப் பற்றி இரண்டு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சி