அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்கு ரத்தப் பரிசோதனை என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்போதே உணவையும் உடற்பயிற்சியையும் கவனித்தால் பலருக்கு நோய் தள்ளிப்போகும். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, அது வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேட்டினினின் ரத்த அளவை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரகத் திறன் பாதியளவு குறையும்வரைகூட அது இயல்பாகத் தெரியலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்ப்பது நல்லது.

அப்புறம், ஒரேயடியாக 80, 100 சோதனைகள் என்று விற்கும் தொகுப்புகளில் எனக்கு உடன்பாடில்லை. இயல்பு அளவு பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரை வைத்தே வகுக்கப்படுகிறது; மீதி 5 சதவீதத்தினர் நலமாக இருந்தும் அந்த அளவுக்கு வெளியே நிற்பார்கள். சோதனைகள் கூடக்கூட, நலமாக இருப்பவருக்கும் ஏதோ ஒன்று அளவு மீறி வந்து வீண் பயத்தைத் தரும். வயது, குடும்ப வரலாறு பார்த்து மருத்துவரே தேர்வு செய்யட்டும்.

- ஒரு வாசகர்